ஒரு வளைவு, இரண்டு புள்ளி

மூட்டை மிஸ்ஸின் ஆசை அப்படி ஒன்றும் பெரியதல்ல. ஒரு தண்ணீர்க் குழாய், பூட்டுப் போட்ட ஒரு அலமாரி, ஈரப் படங்களை மறுநாள் வரை காயப்போட ஒரு கொடி. இந்த மூன்றும் ஒரே அறையில் இருக்க வேண்டும், அந்த அறை அவளுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காகத்தான் பதினொரு வருஷமாகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

பெயர் பிள்ளைகள் வைத்தது. இரண்டு தோளிலும் பை, கக்கத்தில் சுருட்டிய தாள்கள், ஒரு கையில் தூரிகைகள் நிற்கும் வாளி. அவள் வாசலில் நுழைவதைப் பார்த்தால் யாரோ வீடு காலி செய்துகொண்டு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். முதல் வருஷம் அந்தப் பெயர் காதில் விழுந்தபோது கோபம் வந்தது. இப்போது அவளே போனில், "நான் மூட்டை பேசறேன்" என்பாள்.

வாரத்தில் மூன்று பள்ளிகள், மூன்றிலும் தற்காலிகம். திங்களும் செவ்வாயும் போகும் பள்ளியில் ஓவிய வகுப்பு மூன்றாம் மாடியில், தண்ணீர் தரைத்தளத்தில். புதன்கிழமைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், தங்கமான மனிதர். "ஒரு அஞ்சு நிமிஷம் மிஸ், ஒரே ஒரு கணக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். அந்தக் கணக்கு முடியும்போது மணி அடித்துவிடும். வியாழக்கிழமைப் பள்ளியில் அறையே கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் துடைத்து, பருக்கைகளைத் தட்டிவிட்டு, அதன்மேல் தாளை விரிக்க வேண்டும்.

முடிந்ததும் ஈரப் படங்களை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒருமுறை நெரிசலில் ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டையில் நீல வானம் முழுசாக ஒட்டிக்கொண்டது. அவர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். அவள் ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள், மனசுக்குள் என்னவோ வானம் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஓய்வு. ஓய்வு என்றால் வேலை தேடும் நாள் என்று அர்த்தம். அவளைவிட மும்முரமாக அவளுக்கு வேலை தேடுகிறவள் அவளுடைய அக்கா. விளம்பரம் எங்கே கண்ணில் பட்டாலும் உடனே போன் வந்துவிடும்.

"டிராயிங் டீச்சர் வேணுமாம்டி. கூடவே கணக்கும் எடுக்கணுமாம்."

"எனக்குக் கணக்கு வராதுக்கா."

"சரி, இன்னொண்ணு. ஓவியம், கைவினை, நடனம் மூணும் ஒரே ஆளு. ஸ்கூல் வேன் ஓட்டத் தெரிஞ்சா முன்னுரிமையாம்."

"நடனத்த வேன்ல ஆடணுமா, எறங்கி ஆடணுமான்னு கேட்டியா?"

"இந்த வாய்க்குத்தான்டி உனக்கு எங்கயும் நிலைக்க மாட்டேங்குது!"

அக்கா சொன்னது நியாயமில்லை. நிலைக்காததற்குக் காரணம் வாய் இல்லை. ஒவ்வொரு வருஷ முடிவிலும் மூன்று பள்ளிகளிலும் ஒரே பதில்தான், அடுத்த வருஷம் பார்க்கலாம். அந்த விடுமுறை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும், சோறு பிசையும் விரல் தட்டில் கோடு இழுக்கும். நாற்பத்தியொரு வயதில் ஒருத்தி, அடுத்த மாதம் எந்தப் படியேறுவோம் என்று தெரியாமல் இருப்பது என்ன பிழைப்பு என்று அவளுக்கே தன்மேல் எரிச்சல் வரும்.

இப்படி இருக்கையில்தான் அந்த விளம்பரம் வந்தது. ஓவிய ஆசிரியர், நிரந்தரப் பணி, தனி அறை உண்டு. மாணவர்கள் வரைந்த முப்பது படங்களோடு திங்கட்கிழமை நேரில் வரவும். அக்கா அதைப் போனில் இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாவது தடவை குரல் தழுதழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஸ் கூடத்தில் படங்களைப் பரப்பினாள். இருப்பதில் நல்ல முப்பது முகங்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தாள். கணவன் தாண்டிப் போனவன் அப்படியே நின்றான். அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, ஃப்ரேமை முகத்துக்குத் தக்கபடி வளைத்துச் சரிபண்ணிக் கொடுப்பான்.

"இந்தப் பிள்ளைங்க எல்லாம் ஒரே குடும்பமா?" என்றான்.

"மூணு ஸ்கூல் பிள்ளைங்க. ஏன்?"

"ஒரே மூக்கா இருக்கே. நான் தினம் நாப்பது மூக்கப் பாக்குறவன். ஒருத்தருக்கு நிக்கிற ஃப்ரேம் அடுத்தவருக்கு வழுக்கும். இங்க பாரு, ஒரே ஃப்ரேம முப்பது பேருக்கும் மாட்டிடலாம். எனக்கு இப்படிக் கஸ்டமர் வந்தா காலாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவள் சிரித்தாள். அவன் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இது தொடங்கியது முதல் வருஷம், ஒரு பள்ளிக் கண்காட்சியில். ஒரு படத்தின் முன்னால் நின்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, பெற்றோர் கூட்டத்துக்கு நடுவில், "இதென்ன, மூஞ்சியில கத்திரிக்கா ஒட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வரைந்த பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் கொடுமை. அடுத்த வருஷ வேலை அன்றைக்கு நூலில் தொங்கியது. அதற்குப் பிறகு மிஸ் எந்த முகத்தையும் அப்படியே விட்டதில்லை, மூக்கை அவளே போட்டுவிடுவாள். ஒரு வளைவு, இரண்டு புள்ளி. நாலு வினாடி வேலை. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடும். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். கண், வாய், காது, தலைமுடி எல்லாம் வரைந்துவிட்டு, நடுவில் மட்டும் மிஸ்ஸுக்காக இடம் விட்டுவைப்பார்கள்.

தன் கை படாத ஒரு முகமாவது இருக்குமா என்று பரண்மேல் இருந்த கட்டுகளையெல்லாம் இறக்கினாள். இருநூறுக்கு மேல் படங்கள். தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றே ஒன்று அகப்பட்டது. வியாழக்கிழமைப் பள்ளியில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் "ஏன் மிஸ்?" என்பதால் எல்லோரும் அவளைக் கேள்விக்குறி என்பார்கள். அவள் வரைந்த குடும்பப் படம். அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். "பின்னாடி திரும்பி நிக்கிறாங்க மிஸ், அதான் மூக்கு தெரியல" என்று அன்றைக்குச் சொன்னாள். கெட்டிக்காரி என்று மிஸ் முதுகில் தட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. இப்போது வெட்கமாக இருந்தது.

ஆனாலும் திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அந்த முப்பதைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். வேறென்ன செய்வாள், சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

நேர்காணலுக்கு முன்பு ஓவிய அறையைக் காட்டினார்கள். சுவரோரம் நீளத் தொட்டி, அதில் ஒன்றல்ல, மூன்று குழாய். கதவில் சாவியோடு தொங்கும் அலமாரி. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நாலு கொடி, அவற்றில் கிளிப்புகள் கூடக் கோத்திருந்தார்கள். யாரும் பார்க்காதபோது ஒரு குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பைத்தியம், குழாயைப் பார்த்து யாராவது அழுவார்களா!

அங்கிருந்த தலைமையாசிரியை படங்களைப் புரட்டிவிட்டுப் பள்ளி மேனேஜரிடம் தள்ளினார். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"எங்களுக்கு வேண்டியது இதான் மேடம். பிள்ளைங்க கிறுக்கறது எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. இதுல கடைசியா ஒரு கை பட்டிருக்கு பாருங்க, அது வேணும். பேரண்ட்ஸ் பாக்க வர்றாங்கல்ல?"

"சரி சார்" என்றாள்.

வேலை அவளுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் போன் செய்வார், சேருவதை உறுதிப்படுத்தினால் போதும். அக்கா போனிலேயே குதித்தாள். கணவன், "இனிமே உன்ன மூட்டைன்னு கூப்பிட முடியாதே, அலமாரின்னு கூப்பிடவா?" என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது, அவளுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. அந்த "சரி சார்" செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். துணியை மடித்து வைத்தாள், மறுபடி பிரித்து மடித்தாள். என்ன கேட்டார்கள், ஒரு மூக்கு, பதினொரு வருஷமாக ஓசியில் போட்டதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது எடுபடவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் துடைத்துத் தாள் கொடுத்தாள். பிடித்தவர் முகத்தை வரையச் சொன்னாள், வரைந்து முடிக்கும் நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து வர மாட்டேன், வேறு பள்ளிக்குப் போகிறேன்.

கேள்விக்குறிதான் முதலில் எழுந்தாள்.

"ஏன் மிஸ்? நீங்க போயிட்டா எங்க மூக்கெல்லாம் யாரு போடுவா?"

மிஸ் மேசைகளைப் பார்த்தாள். முப்பத்திரண்டு முகங்கள், முப்பத்திரண்டிலும் நடுவில் வெறும் வெள்ளை. பதினொரு வருஷம் இதைத்தானா சொல்லிக் கொடுத்தோம்!

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்றாள். "அவங்கவங்க மூக்கத் தொட்டுப் பாருங்க. மேல இருந்து மெதுவா கீழ வாங்க. எங்க மேடு, எங்க பள்ளம், எங்க வளையுதுன்னு விரலால பாருங்க. பாத்ததும் நீங்க வரைஞ்சவங்க மூக்க நெனச்சு நீங்களே போடுங்க."

கூத்துதான். ஒருத்தன் தும்மினான். ஒருத்தி பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பிடித்துவிட்டாள். பிறகு பென்சில்கள் நகர ஆரம்பித்தன. கதவுக் கைப்பிடி மாதிரி ஒன்று, வெண்டைக்காய் மாதிரி ஒன்று, கண்ணுக்கு மேலேயே ஏறிப் போன ஒன்று. மிஸ்ஸுக்குக் கை பரபரத்தது. நாலு வினாடி, நாலே வினாடி போதும். வாளியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கேள்விக்குறியின் தாளில் ஒரு பெண் நின்றாள். இந்தத் தடவை முன்பக்கம் திரும்பியிருந்தாள். மூக்கு நீளமாக இறங்கி, பாதியில் இடப்பக்கம் சாய்ந்தது.

"யாரு இது?"

"எங்கம்மா மிஸ். தூங்கறப்ப பாத்திருக்கேன், இப்படித்தான் ஒரு பக்கமாப் போகும்."

கோணல்தான். ஆனால் அது ஒருத்தியுடைய மூக்கு. உலகத்தில் வேறு யார் முகத்திலும் அதை ஒட்ட முடியாது.

பையில் போன் அடித்தது. மணி மூன்று.

"மேடம், சேர்றீங்கதானே?" என்றார் மேனேஜர்.

"சேர்றேன் சார்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணு. படத்துல என் கை படாது. பிள்ளைங்க போட்டது கோணலா இருந்தாலும் அப்படியேதான் கண்காட்சிக்கு வரும்."

"என்ன மேடம், வர்ற நேரத்துல கண்டிஷனா?" அவர் சிரித்தார். "இருங்க, ஹெச்.எம். மேடத்துகிட்ட கேட்டுடறேன்."

அவள் சுவரோரமாக நின்றாள். கால் ஆடியது. கொடியும் குழாயும் சாவியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கடவுளே, சரி என்று சொல்லட்டும், இந்த ஒரு தடவை சொல்லட்டும்.

"மேடம்? இல்ல, சரிப்பட்டு வராதுன்னு சொல்றாங்க. இன்னொருத்தர் ரெடியா இருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைப் போட்டு உடைத்தவள் அவளேதான், வேறு யாரையும் நோக முடியாது. அக்காவிடம் என்ன சொல்வது? தன்னை ஓங்கி ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"என்னாச்சு மிஸ்?" கேள்விக்குறி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல. நான் எங்கயும் போகல. அடுத்த வாரமும் வருவேன்."

கூடம் அதிரக் கத்தினார்கள். கேள்விக்குறி துள்ளிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள், ரப்பரை எடுத்தாள், தாளின்மேல் குனிந்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"நீங்க வர்றீங்கல்ல? அடுத்த வாரம் நீங்களே அழகாப் போட்டுடுங்க மிஸ்."

மிஸ் ஓடிப் போய் ரப்பரைப் பிடுங்கினாள். அதற்குள் பாதி மூக்கு போய்விட்டது. மேலே நீளமாக இறங்கிய கோடு மட்டும் இருந்தது, சாயும் இடம் இல்லை.

கேள்விக்குறி மிரண்டுபோய் நிமிர்ந்தாள். "ஏன் மிஸ்?"

"உங்கம்மா மூக்கு எனக்குத் தெரியாதும்மா" என்றாள் மிஸ். "அது உனக்குத்தான் தெரியும்."

பென்சிலை எடுத்துச் சிறுமியின் கையில் திணித்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பரை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, அவள் வரைந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.