தெரு மிதிக்காத ஷூ

என் கால்களைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. டாக்டர் பெருமூளை வாதம் என்றார். மராத்தி ஊரான போபோடியில் எங்கள் சந்துக்காரர்கள் பாவம் என்றார்கள். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, "எல்லாம் பழக்கம்தான், நடக்க நடக்கச் சரியாப்போயிடும்" என்றார். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. வீடே அவருடையது; அதில் மாடியில் ஒரு போர்ஷனில் அப்பா, அம்மா, அண்ணன், நான். பெரியப்பா வந்தால் அம்மா எழுந்து நிற்பாள். அவர் எதிரில் அவள் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. இரண்டு காலிலும் பிரேஸ். முழங்காலுக்குக் கீழே தொடங்கிப் பாதம்வரை ஏந்திக்கொள்ளும் வெள்ளை பிளாஸ்டிக் கூடு, இழுத்துக் கட்டத் தோல் வார். அதைப் போட்டால்தான் என் குதிகால் தரையில் படியும். அதற்கு மேல் ஷூ போட வேண்டும், அங்கேதான் வம்பு. என் கால் நீளத்துக்கு வாங்கினால் பிரேஸ் உள்ளே நுழையாது. பிரேஸ் நுழைகிற ஷூவில் முன்னால் நாலு விரல் இடம் காலியாகக் கிடந்து தடுக்கிவிடும். அண்ணன் கழித்துப்போட்ட ஷூவில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் விழுந்தேன். பள்ளிக்கு அம்மாவின் இடுப்பில்தான் போய்வந்தேன்.

அந்த ஏப்ரலில் கட்கியில் இருந்த என் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் கேட்டிலிருந்து வகுப்புவரை நானாகவே நடந்து வர வேண்டும். முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு இடம் எங்கே இருக்கிறது? திரும்பும்போது அம்மா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

பெரியப்பாதான் வழி கண்டுபிடித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிரேஸ் போடும் குழந்தைகளுக்கென்றே அகலமான ஷூ தைத்து இலவசமாகத் தரும் ஒரு டிரஸ்ட்டைத் தேடிப்பிடித்து, நாலு முறை அலைந்து, தான் செக்ரட்டரியாக இருந்த கோயில் மண்டபத்திலேயே முகாமுக்கு ஏற்பாடு செய்தார். அக்கம்பக்கத்திலிருந்து பதினொரு குழந்தைகள். டிரஸ்ட்டில் ஒரே ஒரு கண்டிஷன்: குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் அடுத்தது அடுத்த வருஷம்தான்.

அளவெடுக்கிற அன்று பெரியப்பா வாசலில் நின்றுகொண்டார். முருகன் இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போகலாமா? ஷூவைக் கழற்றினோம். பிரேஸைப் பார்த்தார்.

"இதையும் கழட்டும்மா. தோல் வார் இருக்குல்ல? தோல்னா செருப்புதான்."

ஒரு மராத்திக்கார அம்மா மட்டும், "காகா, இதைப் போட்டுத்தானே அளவு எடுக்கணும்?" என்று மராத்தியில் கேட்டாள். "கால் அளவுக்குத்தானம்மா ஷூ?" என்று அவர் அவள் பாஷையிலேயே மடக்கிவிட்டார். என் அம்மாவும் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு என் வார்களை அவிழ்த்தாள். பதினொரு ஜோடி பிரேஸ்கள் செருப்புகளோடு வாசலில் நிற்க, நாங்கள் பதினொரு பேரும் இடுப்பேறி உள்ளே போனோம். விவரம் தெரிந்த டிரஸ்ட் அக்கா அன்று வரவில்லை. வந்த இரண்டு காலேஜ் பையன்கள், வெறுங்காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு எடுத்துப் போனார்கள்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஷூ வந்தது. மண்டபத்தில் மேடை, மைக், மாலையோடு ஒரு சீஃப் கெஸ்ட். மேடைமேல் ஷூ போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "தெரு மிதிக்காத ஷூ செருப்புக் கணக்கில் வராது" என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு குழந்தையும் புது ஷூவில் மேடையில் பத்தடி நடக்க வேண்டும், சீஃப் கெஸ்ட் கைகொடுப்பார், போட்டோ, பிறகு கையெழுத்து. முதல் பெயர் என்னுடையது. செக்ரட்டரி வீட்டுப் பெண் அல்லவா!

மேடைக்குப் பின்னால் அம்மா பெட்டியைத் திறந்தாள். அடேயப்பா, என்ன ஷூ அது! நீலத்தில், இரண்டு வெல்க்ரோ பட்டையோடு. அம்மா என் பிரேஸ் காலை அதற்குள் விட்டாள். பாதியில் நின்றது. பட்டையை முழுக்கத் திறந்து, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, மறுபடி அழுத்தினாள். நின்ற இடத்திலேயே நின்றது. அம்மாவின் மேலுதட்டில் வேர்த்தது. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஐயோ, முருகா" என்றாள் அம்மா. அவளுக்கு விளங்கிவிட்டது.

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். பெரியப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "அரே, என்ன லேட்டு? ஜல்தி, ஜல்தி."

"போகல மாமா. பிரேஸோட போகல."

அவர் ஷூவைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகம் செத்துப்போனது. பிறகு, "பிரேஸைக் கழட்டிட்டுப் போடு. பத்தடிதான?" என்றார்.

அம்மா அசையவில்லை. நான்தான் குனிந்து வார்களை அவிழ்த்தேன். ஆசை! வெறுங்காலில் அந்த ஷூ வெண்ணெய் மாதிரி நுழைந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் கால் மற்ற பெண்களின் கால் மாதிரி இருந்தது. "நான் நடக்கிறேம்மா" என்றேன்.

பெரியப்பா தூக்கி மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். முதல் அடியிலேயே குதிகால் மேலே போய்விட்டது. நுனிவிரலில் நின்றேன். இரண்டாவது அடியில் முட்டியும் முட்டியும் இடித்துக்கொண்டன. நாலாவதில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. கீழே யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. சீஃப் கெஸ்ட்டின் மாலையையே பார்த்துக்கொண்டு போனேன். ஏழாவதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன், விழவில்லை. பத்தாவது அடியில் அவர் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, தொங்கினேன். மண்டபமே கைதட்டியது. "இனிமேல் இந்தக் குழந்தைக்குப் பிரேஸே வேண்டாம் போலிருக்கிறதே!" என்று அவர் மைக்கில் சொன்னார். கைதட்டல் இரண்டு மடங்கானது. கையெழுத்துப் போட அம்மாவிடம் பேனாவை நீட்டினார்கள்.

அம்மா பேனாவை வாங்கவில்லை. மைக்கிடம் போனாள். அவளுக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரனோடு சரி.

"ஜூத்தா சோட்டா ஹை" என்றாள். "சப்கா சோட்டா ஹை." எல்லா ஷூவும் சின்னது. பிறகு ஹிந்தி தீர்ந்துபோய்த் தமிழுக்கு வந்துவிட்டாள். "பிரேஸைக் கழட்டி அளவெடுத்தாங்க. வாய் இருந்தும் ஊமையா நின்னேன். எம்மேலதான் தப்பு. யாரும் கையெழுத்துப் போடாதீங்க."

அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார்கள். கைதட்டல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்று வந்திருந்த டிரஸ்ட் அக்கா மேடையேறி என் ஷூவைக் கழற்றி, சிவந்துபோன விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பதினொரு பெட்டியையும் மூட்டை கட்டச் சொன்னார். நான் மேடையில் உட்கார்ந்து 'என் ஷூ, என் ஷூ' என்று கத்தினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்குக் கைதட்டினார்கள், அதையும் இவள் கெடுத்தாளே என்று ஆத்திரம். அம்மாவோடு பேசவில்லை.

மறுநாளே அந்த அக்கா பிரேஸோடு சேர்த்து அளவெடுத்துப் போனார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அம்மா கெஞ்சி அந்த மாதத்தைக் கடத்தினாள். புது ஷூ வந்தது. பிரேஸ் போட்டு, அதன்மேல் ஷூ போட்டு, கேட்டிலிருந்து வகுப்புவரை விழாமல் நடந்தேன். அம்மா கேட்டுக்கு வெளியே நின்று அழுதாள். நான் திரும்பிப் பார்த்தேன், ஆனால் பேசவில்லை. என் வீம்பு அப்படி.

அதே மாதம் வீடு மாறினோம். ரயில் பாதையோரம் ஒற்றை அறை. ரயில் போனால் பாத்திரமெல்லாம் ஆடும். ஏன் மாறினோம் என்று கேட்டதற்கு, "அங்க மாடிப்படி, உனக்குக் கஷ்டம்ல" என்றாள் அம்மா. எனக்கு ஒரே பெருமை. என் காலுக்காக ஒரு குடும்பமே வீடு மாறுகிறதென்றால் சும்மாவா? அந்தச் சந்தோஷத்தில் அவளோடு பேசவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பெரியப்பாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளி நின்றாள். அவர் என் ஷூவையே பார்த்தார். பிறகு குனிந்து, பிரிந்திருந்த பட்டையை அழுத்தி ஒட்டிவிட்டார். "எங்க வீட்ல படியே இல்ல பெரியப்பா, வாங்க" என்றேன். "வரேம்மா" என்றார்.

வரவே இல்லை. படியே இல்லாத வீட்டுக்கு வர அவருக்கு என்ன கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கு முழங்கால் வலிடி, நடக்க முடியல" என்றாள்.

அடுத்த வருஷம் அளவெடுக்க டிரஸ்ட் அக்கா வந்தபோது, எங்கள் பெரியப்பாவுக்கும் ஒரு ஜோடி தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.