குட்டி அழாத ராத்திரி

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல இல்லை, ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவிப்போகிறது. முன்பின்னாக எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சண்டைக் காலம் அது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். நாங்கள் தாராவியில் தகரக் கூரை போட்ட ஒற்றை ரூமில் இருந்தோம். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து இரண்டாம் வருஷம். வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. தோல் ஊறுகிற தொட்டியில் ஆவாரம்பட்டை போடுவார்கள். சத்துப் போன பட்டையை வெளியே அள்ளிப் போட்டுவிடுவார்கள். அதை அவர் சாக்கில் கொண்டுவருவார். காயவைத்து அடுப்பெரிப்போம். எங்கள் வரிசையில் எல்லார் வாசலிலும் பட்டை காயும்.

ஒரு நாள் ஊரிலிருந்து கார்டு வந்தது. மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அம்மா தவறிவிட்டாள், பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது என்று தம்பி எழுதியிருந்தான். அதற்கு மேல் ஒன்றும் இருந்ததாக ஞாபகமில்லை. அந்த மாதிரிக் கார்டை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. வாசலில் நின்றபடியே கிழித்துச் சாக்கடையில் போட்டேன். குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வந்து அரிசி களைந்தேன். அழுகை வரவில்லை. நாளைக்கு வரும் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்துப் பட்டைச் சாக்கோடு ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், வயிறு மட்டும் வெள்ளை.

"ஏளா, இந்தா. ஆறு குட்டியில இதுக்கு மட்டும் பால் எட்டல."

"நான் கேட்டனா?"

"கேக்கல. இருந்துட்டுப் போகட்டும்."

சோப்புக் கட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்றில் பழைய சேலைத் துணியைப் போட்டு அதைப் படுக்கவைத்தேன். விளக்கை அணைத்ததும் அழ ஆரம்பித்தது. முதலில் சின்னதாக ஒரு கீச்சு. பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு நீளமாக. விடியும்வரை அழுதது. நான் பாயில் மல்லாந்து கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பாவம் என்றும் தோன்றவில்லை.

பக்கத்து ரூமில் இருந்த அக்கா எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரிதான். நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அவள் வீட்டுக்காரர் குர்லாவில் ஒரு பட்டறையில் ராத்திரி வேலைக்குப் போவார். அவருடைய அம்மா படுத்த படுக்கை. அவளை நாங்கள் எல்லாரும் ஆச்சி என்போம். காலையில் அக்கா குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏட்டி, உன் நாய் ராத்திரி பூரா ஊளை போடுதே. எமன் வந்து நின்னாத்தான் நாய் ஊளை போடும். இங்க ஒருத்தி இழுத்துக்கிட்டுக் கெடக்கா, தெரியும்லா?"

"சின்னக் குட்டிக்கா. ஊளை இல்ல, அழுகை."

"எமனுக்கு வித்தியாசம் தெரியுமாட்டி?"

குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அப்போதுதான் ரூம் நடுவில் மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.

அந்த வேலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. தண்ணீரோ எண்ணிப் பிடிக்கிற தண்ணீர். அதனால் ஒரு யோசனை செய்தேன். பழைய தகரத் தட்டு ஒன்றில் பட்டையைப் பரப்பி வாசலோரம் வைத்தேன். குட்டி தூங்கி எழுந்தால் தூக்கி அதில் விடுவது, பால் குடித்தால் தூக்கி அதில் விடுவது. வேறு எதையும் நினைக்காமல் செய்ய முடிகிற வேலையாக இருந்தது. ஐந்தாறு நாளில் படிந்துவிட்டது. அவர்கூட ஆச்சரியப்பட்டார்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. குட்டி தகரத் தட்டைப் பழகவில்லை, பட்டையைத்தான் பழகியிருந்தது. ஒரு காலையில் கதவைத் திறந்ததும் நேராக அக்கா வாசலுக்குப் போனது. அவள் அடுப்புக்குக் காயப் போட்டிருந்த பட்டை நடுவில் ஒழுங்காக உட்கார்ந்து, ஒழுங்காகப் பெய்துவிட்டு வந்தது. இப்படி எத்தனை நாள் நடந்ததோ. அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன்! மூணு நாளா என் குழம்பு ஏன் நாறுதுன்னு. உன் நாய் என் அடுப்புக்கு அபிஷேகம் பண்ணுது!"

குழாயடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ராத்திரி இன்னொரு தடவை அழுதுச்சுன்னா, எங்க வீட்டுக்காரர் குர்லாவுக்குப் போறப்ப கொண்டுபோய் விட்டுருவார். கோவிச்சுக்காதட்டி."

போனால் போகட்டும் என்றுதான் எனக்கு இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அது ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

தட்டில் இருந்த பட்டை மேல் ஒரு சாக்குத் துண்டைப் போட்டேன். தினம் ஒரு பிடி பட்டையைக் குறைத்தேன். கடைசியில் சாக்கு மட்டும் இருந்தது. குட்டி அதில் போனது. ராத்திரிக்கு, பெட்டியைப் பாய் ஓரத்தில் இழுத்து வைத்துக் கையை உள்ளே தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் விரலைச் சப்பியது. பிறகு உள்ளங்கையில் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. கையை எடுத்தால் அழும். அதனால் எடுக்கவில்லை. ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி, சத்தமே இல்லை. அக்கா கேட்டபோது கையை வைத்துப் படுப்பதைச் சொன்னேன்.

பகலில் அக்கா குழாயடியில் வரிசைக்கு நிற்கும்போது நான்தான் ஆச்சிக்குக் கஞ்சி கொடுப்பேன். புதன்கிழமை ஆச்சி என் முந்தானையைப் பிடித்தாள்.

"ஏ பிள்ளை, குட்டிய எங்க? கொண்டுபோயிட்டாங்களா?"

"இருக்கு ஆச்சி. கையை வச்சுக்கிட்டா அழ மாட்டேங்கு."

"கைய எடுத்துரு."

"அக்கா ஏசுவாங்க ஆச்சி."

"எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. அது அழுதா, நான் ஒருத்தி மட்டும் முழிச்சிருக்கலன்னு இருக்கும்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். ஆச்சி கேட்டதை அக்காவிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரியும் கையை வைத்தேன். வியாழக்கிழமை ராத்திரியும் வைத்தேன். அந்த ராத்திரி தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ லேசாகத் தட்டியது போல இருந்தது. எலி என்று நினைத்தேன். எழுந்தால் குட்டி விழித்துக்கொள்ளும். எழவில்லை.

விடிந்ததும் அக்கா அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆச்சி உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலையே! பெத்த மகனும் பக்கத்துல இல்ல, நான் மாடு மாதிரித் தூங்கிட்டேனே. அந்தப் பாவி நாய் ஒரு சத்தம் போட்டிருந்தா நான் முழிச்சிருப்பேனேட்டி!"

என் வலது கை தோளிலிருந்து மரத்துப்போயிருந்தது. அதைத் தூக்கி அவளைப் பிடிக்க முடியவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் நடுவில் உட்கார்ந்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு யார் யாரோ அழுதார்கள். என் கண் காய்ந்தே இருந்தது. தட்டிய சத்தத்தைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை போயிற்று. குட்டியைக் கொண்டுபோக யாரும் வரவில்லை. பதினாறு முடிந்து அக்கா வாசலில் பட்டை காயப்போட வந்தவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ராத்திரி கைய எடுத்துரு. அழுதா அழட்டும்."

அன்று ராத்திரி கையை எடுத்தேன். விழித்தே கிடந்தேன். அந்தப் பக்கம் அக்காவும் புரண்டு புரண்டு படுப்பது கேட்டது. குட்டி அழவில்லை. அழாமல் தூங்க அதற்குள் பழகிவிட்டது.

அது எங்களோடு பல வருஷம் இருந்தது. எத்தனை வருஷம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆச்சி போனது வியாழன் ராத்திரிதானா என்பதிலும் இப்போது சந்தேகம் வருகிறது. அக்கா பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊரில் என் தம்பி வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால், எங்கள் அம்மாவுக்குக் கடைசியில் தண்ணீர் கொடுத்தது யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். கார்டில் அது இருந்ததா என்று பார்க்கலாம் என்றால், நான்தான் கிழித்துப்போட்டேனே.