இது பிரசங்கத்துக்கு இல்லப்பா

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. கோட்டும் டையும் மாட்டிய ஒரு இளம் ஊழியக்காரர். பின்னால் ஊதா விளக்கு. யாரோ கீபோர்டில் சோகமாக ஒரே சுரத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஊழியக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்: "பிரியமானவர்களே, இது என் வீட்டிலே நடந்த சம்பவம். என் ஆறு வயசு மக என்ன ஜெபம் பண்ணா தெரியுமா? ஆண்டவரே, எங்கப்பாவுக்கு ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு நல்ல மூஞ்சி குடுக்கறீங்களே, அத மத்த நாளும் குடுங்கன்னு கேட்டா." கூட்டம் சிரிக்கிறது. உடனே கீபோர்டு சுரம் மாற, கூட்டம் அழவும் செய்கிறது. அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அந்த ஆறு வயசு மகள் என் மகள் லிடியா. அந்த ஞாயிற்றுக்கிழமை மூஞ்சி என்னுடையது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் போதகராக இருந்தபோது, பிரசங்க மேடையில் நின்று நானே வாயெல்லாம் பல்லாகச் சொன்ன கதை அது. அது யார் யார் வாயிலோ புகுந்து புறப்பட்டுக் கடைசியில் இந்தக் கோட்டுக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வெட்கங்கெட்ட பயல் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான், அவர் என்னிடம் திருடினார், நான் யாரிடம் திருடினேன் என்ற யோசனை வந்தது.

அந்த நேரம் பார்த்து வீடு முழுக்கப் பலாப்பழ வாசனை. முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிளில் கொண்டுவந்த ஒருவரிடம் என் மனைவி சுகந்தி ஒரு பழம் வாங்கி மூலையில் வைத்திருந்தாள். பலாப்பழம் எனக்கு ஆகாது. வயிற்றுக்கு அல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் சபையில் முன்வரிசை பெரிய குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மாறாது. நடுவில் ஷிப்ட் தொழிலாளர்கள், கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்கள். பரலோகத்திலும் பிளாக் பிரித்துத்தான் வீடு ஒதுக்குவார்கள் என்ற உறுதியோடு உட்கார்ந்திருப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் பர்மனென்ட் ஆக ஜெபிக்கச் சொல்வார்கள். பர்மனென்ட் ஆனவர் பிரமோஷனுக்கு ஜெபிக்கச் சொல்வார். பிரமோஷன் வந்தவர் பெரிய குவார்ட்டர்ஸுக்கு. பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தவர் ஜெபிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டுக் கமிட்டியில் சேர்ந்துவிடுவார். நான் இந்த எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் ஜெபித்தேன். அதற்குத்தான் சம்பளம்.

பிரசங்கமோ படுமோசம். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்துவிட்டு வந்த திமிர். ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கும், மூன்றிலும் விஷயம் இருக்காது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் மைன்ஸிலிருந்து வீட்டுக்குப் போய் ஒரு குளியல் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்கு வருவார்கள். காது மடிப்பில் பழுப்பு நிலக்கரித் தூசி அப்படியே இருக்கும். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தலை தொங்கிவிடும். அவர்களில் தனராஜ் என்று ஒருவர், மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், கன்வேயர் பெல்ட்டில் மெக்கானிக். அவருடைய குறட்டை என் முதல் தலைப்பில் தொடங்கி மூன்றாவதில் உச்சத்துக்குப் போகும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த மனுஷன் தூங்கட்டுமே என்று விட்டிருந்தால் நான் நல்ல போதகன். எனக்குத் தன்மானம் குத்தியது.

ஒரு ஞாயிறு என்னையறியாமல் முந்தின நாள் வீட்டில் நடந்த சண்டையைச் சொன்னேன். சுகந்தி கோபத்தில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டதையும், நான் வாய் திறக்காமல் சாப்பிட்டதையும். தனராஜ் விழித்துக்கொண்டார். அவர் மட்டுமல்ல, நைட் ஷிப்ட் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ருசி அன்றைக்கு நாக்கில் ஒட்டியதுதான். அதற்குப் பிறகு வாரா வாரம் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். சனிக்கிழமை வரைக்கும் ஒன்றும் சிக்காவிட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே ஒரு சண்டையைக் கிளப்புவேன்.

கூட்டுறவுக் கடை வரிசையில் நிற்கும்போது பெண்கள் சுகந்தியிடம், "என்ன பாஸ்டரம்மா, இன்னிக்கு உப்பு சரியா இருக்குதா?" என்பார்களாம். ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே கூடத்தில் போட்டுவிட்டு, "எங்க வூட்டுக் கொழம்ப ஊருக்கெல்லாம் எதுக்கு ஊத்தறீங்க?" என்றாள். "ஆத்துமாக்கள் தொடப்படுது சுகந்தி" என்றேன். இப்படியெல்லாம் பேசிய ஆளை அவள் அன்றைக்கே அடித்திருக்கலாம்.

லிடியாவுக்கு அம்மாவைவிடச் சாமர்த்தியம். ஏழெட்டு வயதிலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னிடம் எதைச் சொல்வதானாலும் முதலில் உள்ளங்கையைக் காட்டி, "இது பிரசங்கத்துக்கு இல்லப்பா" என்பாள். நான் "சரிடா, இல்ல" என்ற பிறகுதான் விஷயம் வெளியே வரும். பென்சில் பாக்ஸ் தொலைந்தது, கணக்கு டீச்சருக்கு மீசை இருப்பது, பக்கத்து வீட்டு நாய்க்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டது. சிலவற்றைக் காப்பாற்றினேன். நாயைக் காப்பாற்றவில்லை. நாய் அவ்வளவு நல்ல கதை. அதற்கும் அவள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அவளுக்குப் பதிமூன்று வயது. திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சபைக்கு முன்னால் நின்று, ஞானஸ்நானத்தில் பெற்றோர் சொன்ன விசுவாசத்தைத் தன் வாயால் சொல்வதற்கான வகுப்பு. நான்தான் எடுத்தேன். அந்த ஜூன் மாதம் யாரோ ஒரு பலாப்பழம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் குடியிருந்த குருமனையின் பின்பக்கத்து வராந்தாவில், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான் அறுக்க, அவள் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, பிசுபிசுத்த உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? இது பிரசங்கத்துக்கு இல்லப்பா."

"சொல்லும்மா."

"நான் ஜெபம் பண்றப்ப அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரியே இருக்குப்பா. போனக் கையில வச்சிக்கிட்டு ஹலோ ஹலோன்னு கத்தற மாதிரி. உங்களுக்கு எப்பவாவது அப்படி இருந்திருக்கா?"

இருந்திருக்கிறது. எப்பவாவது அல்ல, அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தது. நான் ஞானஸ்நானம் கொடுத்தேன், அடக்கம் பண்ணினேன், ஆஸ்பத்திரிக் கட்டில்களின் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இரண்டே வார்த்தை: எனக்கும் அப்படித்தான்மா. அதைச் சொல்லியிருந்தால் பிள்ளை எவ்வளவோ ஆறுதலாகத் தூங்கியிருப்பாள். நான் அங்கியின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, "விடாம ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் ஓடியது, அந்தப் போன் உதாரணம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறி அவிழ்த்துவிட்டேன். "என் வீட்டிலேயே ஒரு சந்தேகப்படுகிற பிள்ளை உண்டு. அவள் கேட்டாள்..." ரிசீவரைக் காதில் வைப்பதுபோல் கையை வைத்துக்காட்டி, ஹலோ ஹலோ என்று நடித்தேன். கேள்வி அவளுடையது. பதிலை நான் செய்தேன். "அவளை என் மடியில் உட்காரவைத்து, கண்ணீரோடு சொன்னேன்: லைன் நல்லாத்தான் இருக்கு பாப்பா, நீதான் காத மூடிக்கிட்டு இருக்க." பதிமூன்று வயதுப் பெண் எந்த அப்பன் மடியில் உட்காருவாள் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. வாசலில் தனராஜ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நைட்டு முடிச்சிட்டு வந்தவன்ங்க நானு. இன்னிக்கு ஒரு பொட்டு கண்ணு மூடலங்க."

லிடியா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மடியில நான் எப்பப்பா உக்காந்தேன்?"

"ஒரு உதாரணத்துக்குத்தான்மா."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். புதன்கிழமை தனராஜின் மனைவி தலைமையில் நாலு பெண்கள் வந்து, அவள் உச்சந்தலையில் கை வைத்துச் சந்தேகத்தின் ஆவியைத் துரத்தினார்கள். அவள் கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு அவள் சைக்கிளில் போகும்போது பிள்ளைகள் காதில் கையை வைத்துக்கொண்டு "ஹலோ! ஹலோ!" என்று கத்துவார்களாம். அது பன்னிரண்டாவது முடித்து ஊரைவிட்டுப் போகிற வரைக்கும் நடந்ததாம். எனக்கு அதை அவள் சொல்லவில்லை, சுகந்தி சொல்லித்தான் பின்னால் தெரியும். திடப்படுத்தல் அன்று வெள்ளை உடையில் நின்று "விசுவாசிக்கிறேன்" என்று எல்லாரையும்விடத் தெளிவாகச் சொன்னாள். பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று பாருங்கள். அந்த உள்ளங்கை அதற்குப் பிறகு என் முன்னால் தூக்கப்படவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணுவாள். எனக்கு இரண்டு நிமிஷம், அம்மாவுக்கு முக்கால் மணி நேரம்.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர் தனராஜ்தான். ரிட்டயர் ஆகி நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டியிருக்கிறார். கூப்பிட்டேன்.

"ஐயா, பாத்துகினே இருந்தேன், சட்டுனு புடிச்சிட்டன்ங்க. இது நம்ம லிடியா பாப்பா கதயாச்சே! அவன் வூட்டுக் கதன்றானே, என்னா அநியாயம்! பாப்பாகிட்ட கூட சொல்லணும்னு இருக்கன்ங்க, பேத்திய உட்டு."

"பேத்தியா?"

"ஆமாங்க, கோயமுத்தூர்ல எம் பையன் வூட்டுப் பொண்ணு. அதுக்கு சண்டே ஸ்கூல் டீச்சரே நம்ம பாப்பாதானுங்களே. எட்டு வருசமா எடுத்துகினு இருக்குதாம். புள்ளைங்க உசுரா இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாம என்ன, தெரியும் தெரியும்" என்று போனை வைத்தேன். அவள் கோயில் பக்கமே போவதில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதற்காக உபவாசம்கூட இருந்திருக்கிறேன்.

சமையலறையில் சுகந்தி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அந்தப் பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். நிமிராமல், "தெரியும்" என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. சொன்னா, அன்னிக்கு சந்தேகப்பட்ட பிள்ளைய ஆண்டவர் இன்னிக்கு டீச்சராவே ஆக்கிட்டாருன்னு கதைய முடிச்சிடுவீங்களாம்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்த பத்தடிக்குள் நான் அதே வாக்கியத்தை அதே வரிசையில் கட்டி முடித்திருந்தேன். ஜனங்கள் விம்முவதற்கு எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பது உட்பட. பிரசங்கத்தை விட்டு ஒன்பது வருஷமான பிறகும்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்மா."

"அங்க மழையா?"

"இல்லம்மா, வெயில்தான்."

இந்த இடத்தில் போன் வழக்கமாகக் கை மாறும். நான் விடவில்லை. "லிடியா, ஒண்ணு சொல்லட்டா? இது பிரசங்கத்துக்கு இல்லம்மா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. காதில் போனை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். கடைசியில் அவள் பேசினாள். குரலில் கோபமே இல்லை. வகுப்பில் தொந்தரவு செய்கிற குழந்தையிடம் பேசுகிற பொறுமை இருந்தது.

"உங்களுக்குத்தான் இப்ப பிரசங்கமே இல்லையேப்பா. அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

கொடுத்துவிட்டேன். சுகந்தி போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பழைய குருமனையை இடித்துவிட்டார்கள். பின்பக்கத்து வராந்தா இருந்த இடத்தில் ஏசி வைத்த ஒரு ஹால் நிற்கிறது. நைட் ஷிப்ட் முடித்துத் தூசியோடு வந்து தூங்குகிறவர்களும் இல்லை, அவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டு போனில் ஆராதனை பார்க்கிறார்கள். அதெல்லாம் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. ஒரு பிள்ளை பிசுபிசுத்த கையைத் தூக்கிக் காட்டி, இவ்வளவு அயோக்கியனான அப்பனை இன்னும் ஒரு தடவை நம்பிப் பார்க்கலாம் என்று நின்றதே, அதுதான் போனது.

அவள் சொன்னது சரிதான். எனக்கு இப்போது பிரசங்கம் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கிறீர்களே. பாருங்கள், நாயிலிருந்து சண்டே ஸ்கூல் வரைக்கும் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லி முடித்துவிட்டேன்.