சரணைக் கூப்பிடும் பாட்டு

'எண்ணெய்க் கை' ஆல்பத்தில் நான்காவது பாட்டு முடிகிற இடத்தில் ஒரு குக்கர் விசில் கேட்கும். அது என் வீட்டுக் குக்கர். அந்த விசிலைப் பற்றி ஹிப்ஹாப் பிள்ளைகள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தொழிலாளியின் நெஞ்சில் கோபம் பொங்குகிற ஓசை என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். பொங்கியது துவரம்பருப்பு. எப்படியோ அதில் எனக்கும் பங்கு இருப்பதால், அந்த ஆல்பத்தில் செத்துப்போனவனாகப் பாடப்பட்ட சரணைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சரண் சாகவில்லை. இன்று காலையில்கூடத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அணைக்க மறந்து, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சென்னையை ஒட்டிய பாரிவாக்கத்துக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது மாடி போர்ஷனில் சரணும் அவன் அம்மா அங்கம்மாவும் இருந்தார்கள். எதிரே அடுக்குமாடி நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அங்கம்மா நாற்று நட்டிருக்கிறாள். இப்போது அதே அடுக்குமாடியில் படிக்கட்டு துடைக்கிறாள். அதைச் சொல்லி அவள் மூக்கைச் சிந்தியதில்லை. "அப்போ முட்டி வரிக்கும் சேறு, இப்போ முட்டி வரிக்கும் பினாயிலு" என்று சிரிப்பாள்.

சரணுக்குத் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிற வேலை. கதவுக் கீல் அடிக்க வேண்டும். தகட்டை உள்ளே தள்ளி, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். கையை எடுத்த பிறகுதான் மிதிக்க வேண்டும். அந்த வேலையில் மறக்கவே கூடாதது அது ஒன்றுதான்.

பூபாலன் அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. தாய் தகப்பன் இல்லாதவன். பகலில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவான்; எங்கேயாவது சாவு விழுந்தால் அங்கே கானா பாடப் போவான். ஞாயிற்றுக்கிழமை சோறு அங்கம்மா கையால்தான். சரண் பிரஸ் அடிக்கிற சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, பழைய லேப்டாப்பில் வெட்டி ஒட்டித் தாளமாக்கினான். டக்… கும். டக்… கும். அதன்மேல் பூபாலன் ஷிப்டைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, எந்த சோப்புக்கும் போகாத எண்ணெயைப் பற்றி வரி வரியாகக் கொட்டினான். அதுதான் 'எண்ணெய்க் கை' ஆனது.

எஸ்டேட்டுக்கு விடுமுறை என்பதால் ஒலிப்பதிவு ஞாயிறு மத்தியானம். சுவரில் மெத்தையைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு மே மாதத்தில் இரண்டு பேரும் வேர்த்து ஊற்றுவார்கள். கீழே நான் மிக்சி போட்டால் மேலிருந்து "அக்கா, பத்து நிமிசம்!" என்று கூச்சல் வரும். சமையல் என்ன, இவர்களைக் கேட்டுக்கொண்டா வேகும்?

கடைசிப் பாட்டில்தான் வினை வந்தது. சாவு வீட்டுக் கானாவை பிரஸ் தாளத்தில் பாட வேண்டும் என்பது பூபாலனின் ஆசை. சாவு வீட்டில் பாடுகிறவர்கள் முதலில் வீட்டாரிடம் பெயர்களைக் கேட்டு வாங்கிப் பாட்டுக்குள் வைப்பார்கள். பூபாலனுடைய வழக்கம், இறந்தவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு நிறுத்திவிடுவது. பதில் வராது. அந்த வெறும் இடத்தில்தான் கூட்டம் உடைந்து அழும். அதில் அவனுக்கு ஒரு கண்டிப்பும் உண்டு. உயிரோடு இருப்பவர் பெயரை ஒத்திகைக்குக்கூட எடுக்க மாட்டான். 'அண்ணாத்தே' என்று போட்டுத்தான் பழகுவான்.

அன்றைக்கு 'அண்ணாத்தே' தாளத்தில் உட்காரவில்லை. மொட்டை மாடியில் வற்றல் எடுக்கப் போன நான் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என் பேரை வையேன் மாமே" என்றான் சரண். "அப்பால மாத்திக்கலாம்."

"உசுரோட கீறவன் பேரு வேணாம்டா."

"செக் பண்ணத்தானே? பாடு."

பூபாலன் பாடினான். சரணு… சரணு… டேய் சரணு. மூன்றாவது தடவை குரல் இரண்டாக உடைந்தது. அந்த அனாதைக்கு உலகத்தில் இருந்த ஒரே நண்பனின் பெயர் அல்லவா அது? வற்றல் எடுக்க வந்ததையே நான் மறந்துவிட்டேன். பிறகு யார் யாருடைய பெயரையோ கற்பனையாக வைத்துப் பாடிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எதிலும் உயிர் இல்லை. கடைசியில் சரணே சொன்னான்: "இதுவே இருக்கட்டும் மச்சான். நம்ம பாட்டை எவன் கேக்கப் போறான்?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இணையத்தில் ஏற்றிய முதல் வருஷம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் ஷேர் ஆட்டோக்களில் கேட்டது. அப்புறம் அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் எந்த இளவட்டம் செத்தாலும் பந்தலில் அந்தக் கடைசிப் பாட்டைப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆட்டோ பையன், லாரி கிளீனர், ஏரியில் மூழ்கியவன், எல்லோருக்கும் சரண் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள். ஒரு நாள் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்த அங்கம்மா, பக்கத்துத் தெரு ஸ்பீக்கரில் மகன் பெயரைக் கேட்டுத் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். சரண் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை அடித்து எழுப்பி, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அப்போதெல்லாம் நான் கேலி பேசினேன். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்றேன். ஆவடி ரயிலில் ஒருவன் சரணைப் பார்த்து, "செத்துப்போன சரண் அண்ணன் மாதிரியே கீறீங்க" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டதற்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சரணுக்குத் திருநின்றவூரில் பார்த்த பெண் வீட்டார், "பேரு வெச்சி எழவு பாடிட்டாங்களாமே" என்று தட்டைத் திருப்பிக்கொண்டு போனபோது சிரிப்பு குறைந்தது.

பிறகு அந்த விரல். ஷெட்டில் புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன் போனில் பாட்டைப் போட்டிருக்கிறான். பாட்டிலும் பிரஸ் சத்தம், எதிரிலும் பிரஸ் சத்தம். எது எதென்று தெரியாத நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. சரணு. சரணு. மூன்றாவது கூப்பாட்டில் சரண் திரும்பிப் பார்த்தான். கால் பெடலில் இருந்தது. கை உள்ளே இருந்தது. வலது ஆள்காட்டி விரல் பாதியோடு போயிற்று.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அவனைத் திரும்ப வைத்தது அந்தப் பாட்டுதானே?

"இப்போ வெரலைக் கேட்டுக்கிச்சு. அடுத்தது ஆளைக் கேக்கும்" என்றாள் அங்கம்மா. "அந்தப் பேரை எடுங்கடா."

எடுத்தார்கள். 'அண்ணாத்தே' என்று மாற்றிப் பாடி இணையத்தில் ஏற்றினான் பூபாலன். போலி என்று ஆளாளுக்குத் திட்டினார்கள்; பழையதைத்தான் கேட்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஆல்பத்துக்குப் பத்து வருஷம் ஆனதற்கு ஆவடியில் விழா வைத்தார்கள். பூபாலன் அங்கம்மாவைத் தேடி வந்தான். பாட்டு இவ்வளவு ஓடிய பிறகும் அவன் தண்ணீர் கேன் வேலையை விடவில்லை, இப்போது கேன் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நான் கூப்ட்ட பேரை நானே அவ்வளோ பேருக்கு முன்னால எடுத்துடறேன்மா. எம் பேரை வெச்சிப் பாடறேன். எனக்கு யாரு கீறா, பயப்பட?"

அங்கம்மாவுக்கு மகன் கவலை. சரி என்று தலையாட்டிவிட்டாள். அவளுக்குத் துணையாக நானும் போனேன். சரண் மைதானத்தின் நடுவில், சவுண்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். கடைசிப் பாட்டு வந்தது. டக்… கும்.

"பூபாலா" என்று மேடையிலிருந்து கூப்பிட்டான் பூபாலன்.

"சரணு!" என்றது கூட்டம்.

பூபாலன் மைக்கை இறுக்கிப் பிடித்து இன்னும் சத்தமாக, "பூபாலா!" என்றான். "சரணு!" என்று மைதானமே கத்தியது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக மனப்பாடமான பாட்டு, அன்போடுதான் கத்தினார்கள். அங்கம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. மூன்றாவது தடவை மேடையில் பூபாலன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. சரண் பெயர்தான் கேட்டது, பல்லாயிரம் குரலில்.

அப்புறம் அந்த வெறும் இடம். அந்த அமைதிக்குப் பிறகு பிரஸ் இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. சரண் சத்தத்தை இறக்கிவிட்டு, மேசையில் இருந்த மைக்கை எடுத்தான்.

"இன்னாடா? இங்கதாண்டா கீறேன்."

வீட்டில் கூப்பிட்டால் எரிச்சலோடு பதில் சொல்வானே, அதே குரல். பிறகு விசில், கைதட்டல். அது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். அங்கம்மா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். "பதில் சொல்லிட்டான். செத்தவன் பதில் சொல்வானா? எம் புள்ளை சொல்லிட்டான்."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். திருநின்றவூர்ப் பெண்ணை மறுபடி கேட்கலாமா என்றுகூடக் கேட்டாள். பாரிவாக்கம் கூட்டுரோட்டில் இறங்கியதும் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யம்மா" என்றாள் என்னிடம். "பூபாலன் தன் பேரைக் கூப்ட்டானே. அதுக்கு யாரு பதில் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அந்த வீடியோதான் இப்போது எங்கும் ஓடுகிறது. பூபாலா என்று மூன்று தடவை. பதில் சொல்வது சரண் மட்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கம்மா கீழே வந்து என்னைப் போன் போடச் சொல்கிறாள். எடுத்ததும், "பூபாலா" என்பாள். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு நடுவே, "கீறேம்மா" என்று அவன் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவள் வேலைக்குக் கிளம்புவாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் டிகிரி படித்தவள். ஆனாலும் மணி அடித்துக்கொண்டே இருந்து அவன் எடுக்கத் தாமதமாகிற காலைகளில், விசில் வரப்போகிற குக்கரை அணைத்துவிட்டு, அங்கம்மா பக்கத்தில் நானும் நிற்கிறேன்.