களிம்பு ஏறிய தோடு

தானே சுட்ட களிமண் பூவைச் செம்புக் கம்பியில் கோத்துக் காதில் மாட்டிக்கொண்டு கல்லூரிப் பட்டறைக்கு வந்தாள் என் வகுப்புத் தோழி சரோஜா. காது மடல் பச்சையேறி வீங்கியிருந்தது. கிட்டே போனதும், சின்ன வயதில் என் காதில் அடித்த அதே செம்பு வாசம்.

அப்போது தருமபுரியில் எனக்கு ஏழு வயது. காது குத்திய புண் ஆறுவதற்குள் துளையில் செருகியிருந்த வேப்பங்குச்சியைப் பிடுங்கிவிட்டு, நானே சுருட்டிய செம்புக் கம்பியை மாட்டிக்கொண்டேன். சீழ் வைத்தது.

"கழட்டுடி. காது அறுந்துட்டா தோட்ட எங்க, மூக்குலயா மாட்டுவ?" என்றாள் அம்மா.

"கழட்ட மாட்டேன். இது நான் செஞ்சது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, கம்பியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினாள்.

சரோஜாவிடம் நிதானமாகவே சொன்னேன்: செம்பில் வியர்வை பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். கம்பியை மட்டும் வெள்ளியில் மாற்று.

"மாத்தினா அது என்னோடதா இருக்காதுடி."

தலையில் அடித்துக்கொண்டு, விடுதிச் சமையல்காரம்மாவிடம் விளக்கெண்ணெய் கேட்கப் போனேன்.