ஒழுங்கைக்குள் நிற்கும் மதில்

கோண்டாவிலில் எங்கள் நாலு பரப்புக் காணியின் பின்பக்கத்தில் மகளுக்கு ஒரு சிறிய வீடு கட்ட நினைத்தோம். கைக்குழந்தையோடு அவள் வாடகை வீடு மாறி மாறி அலைவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. காணியில் இரண்டாவது வீடு கட்ட வாசலுக்கு வரும் ஒழுங்கைப் பாதையின் அகலம் போதாது என்று பிரதேச சபை மறுத்து எழுதியது.

முன்வீட்டு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் எங்களுக்கு எதிராகச் சபைக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். நேரே போய்க் கேட்டேன்.

“நான் எங்கை தங்கச்சி தடுத்தனான்? ஒழுங்கை ஒடுக்கம். எல்லாரும் வளவுக்கை வீடு கட்டினால் கார் போகுமோ? புத்தூர்ப் பக்கம் காணி கிடக்குத்தானே, பிள்ளை அங்கை கட்டட்டும்” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒழுங்கை ஏன் ஒடுங்கியது என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை நாலு விரல் வெளியே, ஒழுங்கைக்குள் அரக்கி நட்டவர் அவர். பின்னர் அந்த எல்லையிலேயே மதிலும் கட்டினார். தான் விழுங்கிய ஒழுங்கையைக் காட்டியே என் பிள்ளையைத் துரத்தினார்.

காணி உறுதிப் பத்திரத்தோடிருந்த பழைய வரைபடத்தை எடுத்து, நில அளவையாளரைக் கூட்டி வந்தேன். அதிபரின் மதில் இரண்டடி வெளியே நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு அளவையாளர் எங்கள் பக்கம் அளந்தார்.

“அம்மா, உங்கடையும் ஒன்றரையடி வெளியிலைதான். குறிக்கவோ?”

என் கணவரும் வேலி அரக்கி, அதிலேயே மதில் எழுப்பியவர்தான். விட்டுவிடுவோம் என்று மெல்லச் சொன்னார். நான் குறிக்கச் சொன்னேன். அடுத்த வாரமே ஊர் பார்க்க எங்கள் மதிலை இடிப்பித்துவிட்டு, அளந்த படத்தைச் சபையில் கொடுத்தேன்.

அதிபர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டிசத்தை மீளப் பெறுவதாகவும், தன் மதிலில் ஓரடி இடிப்பதாகவும் சொன்னார். நாங்கள் விட்ட ஒன்றரையடியோடு அவ்வளவு அகலமே அனுமதிக்குப் போதும். மற்ற அடியைக் கிளறாமல் விடவேண்டும் என்றார்.

“இரண்டடியும் வேணும், அண்ணை.”

அவர் சட்டத்தரணியிடம் போனார். வழக்கு தவணை தவணையாகப் போகிறது; அது முடியும்வரை சபை அனுமதி தராது. மகள் மீண்டும் வீடு மாறிவிட்டாள். “ஓரடியோடை விட்டிருக்கலாம் அம்மா” என்றாள். எனக்கு அவளுடைய வீடும் வேண்டும், அந்த மதில் விழுவதும் வேண்டும். எது முதலில் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.