புடவை தேடும் பெட்டி

நேற்று மகள் கைப்பேசியில் புடவை தேடிக்கொண்டிருந்தாள். 'சு' என்று அடித்ததுமே தேடும் பெட்டி தானாகச் 'சுங்குடி' என்று முடித்துக்கொண்டது. எனக்கு ஏனோ கஞ்சிப்பசை வாசம் அடித்தது. கூடவே வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாசம் மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிக் கடையின் மாடியறையுடையது. எட்டாம் வகுப்போடு கிளம்பி, லாரி கிளீனர், புரோட்டாக் கடை, பிரவுசிங் சென்டர் என்று உருண்டு கடைசியில் அங்கே போய் விழுந்திருந்தேன். முதலாளி வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்த காலத்திலேயே கடைக்கு ஓர் இணையதளம் வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். புது டிசைனை முதலில் எந்தப் பெண் கட்டுகிறாளோ, அவள் பெயர்தான் அந்தப் புடவைக்கு. அப்படித்தான் என் மனைவி கட்டி நின்ற படமும் 'செல்லத்தாய் சுங்குடி' என்ற பெயரும் தளத்தில் ஏறின. புடவை இனாம் என்றதும் இருவருக்கும் சந்தோஷம். ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்ட எங்களை உசிலம்பட்டியில் அவள் அண்ணன் வெட்டத் தேடிக்கொண்டிருந்ததும், நாங்கள் மதுரையை ஒட்டிய ஆனையூரில் ஒளிந்து குடியிருந்ததும் அந்த நேரத்துக்கு மறந்துபோயின. பயந்து வாழ்கிறவன் எந்நேரமும் பயந்துகொண்டே இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

தளத்துக்கு வருகிறவர்களைக் கவனிக்க ஒரு கணக்குக் கருவி இருந்தது. ஆள் யார் என்று சொல்லாது. எந்தப் படத்தில் எவ்வளவு நேரம் நின்றார், தேடும் பெட்டியில் என்ன அடித்தார் என்று சொல்லும். ஊர்ப் பெயரை நம்ப முடியாது. பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்தாலும் சென்னை என்று காட்டும்.

ஒரு நாள் யாரோ செல்லத்தாய் படத்தில் வெகுநேரம் நின்றிருந்தார்கள். மறுநாளும் அப்படியே.

"மாப்ள, ஒன் வீட்டம்மாவுக்கு ரசிகர் மன்றமே ஆரம்பிச்சிருவாய்ங்க போல," என்றான் தளம் செய்துகொடுத்த பாண்டி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடிக்கடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் திறப்பதும் கணக்கில் ஏறும் என்பது உறைக்கவில்லை. எண் ஏற ஏற, அண்ணன் ஆள் சேர்த்துவிட்டான் என்று நடுங்கினேன். முதலாளியோ, "அம்புட்டுப் பேரா வாராக!" என்று கடை முழுக்க உளுந்தவடை வாங்கிக் கொடுத்தார். என் பயத்தை எல்லோரும் சட்னி தொட்டுத் தின்றார்கள்.

பிறகு ஒரு மத்தியானம், தேடும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி விழுந்திருந்தது.

"அக்கா போட்டோவ எடுத்துரு. அண்ணே பாத்துருச்சு. கெளம்பிட்டாக."

பெட்டி வழக்கம்போல, 'இந்தப் பெயரில் புடவை இல்லை' என்று அதற்குப் பதில் சொல்லியிருக்கும்.

படத்தையும் பெயரையும் அழித்துவிட்டு ஆனையூருக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் செல்லத்தாய், "என் தங்கச்சி பேச்சிதான். கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போறா. பெட்டிக்குள்ள ஆள் ஒக்காந்திருக்குன்னு நெனச்சிட்டா, கிறுக்கி," என்றாள். கை அதுபாட்டுக்குத் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறும் முன் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் சொல்லாமயா போறது?"

"பேரு வந்துச்சுன்னா அவளையும் கொன்னுருவாய்ங்க."

"பேரு எதுக்கு? நான் சொல்றத மட்டும் போடுங்க."

உள்ளே போய்த் தேடும் பெட்டியின் பதிலை மாற்றினேன். 'இந்தப் புடவை பத்திரமாக வெளியூர் போய்விட்டது.' இல்லாத புடவையை யார் தேடினாலும் இனி இந்தப் பதில்தான். முதலாளிக்கு என்ன புரிந்திருக்குமோ. திருப்பூர் வரை, ஏறுகிற ஒவ்வொருவனின் சட்டைக்குப் பின்னால் அரிவாள் துருத்துகிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன்.

கொஞ்ச நாள் கழித்துத் திருப்பூரில் அந்தக் கணக்கைத் திறந்தேன். பெட்டியில் ஒரே ஒரு சொல் இருந்தது. "போதும்க்கா."

அதன்பின் பேச்சி அங்கே வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் போய் விசாரிக்கும் தைரியம் எங்களுக்கு இன்றுவரை வரவில்லை. தளம் போயிற்று, கடையும் போயிற்று.

மகளிடமிருந்து கைப்பேசியை வாங்கி, 'பேச்சி நல்லா இருக்கியா' என்று அடித்தேன். இல்லை என்று சொல்லும் பெட்டிகள் இப்போது கிடையாது போல. புடவைகள் வந்துகொண்டே இருந்தன.